வாசகர் கேள்வி – பதில்: ஊழிக்குப் பின்னும் விசில்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, நெல் விலை, பேருந்து நேரம், கோயில் திருவிழா என்று வழக்கமாக வரும் கேள்விகளில் ஒன்றையும் காணவில்லை. நாக் அஸ்வின் இயக்கத்தில் 2024 ஜூன் 27 அன்று திரைக்கு வந்த 'கல்கி 2898 ஏடி' படத்தைப் பற்றியே செட்டிநாடு முழுவதும் பேச்சாக இருக்கிறது. உலகம் அழிந்து, கங்கை வற்றி, காசி நகரம் ஒன்று மட்டும் மிஞ்சிய காலத்தில் நடக்கும் அதிரடிக் கதைக்கு நம் ஊர்த் திரையரங்குகளில் இவ்வளவு கூட்டம் சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை அந்த ஒரு பொருளுக்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், காரைக்குடி): பிரபாஸுக்காகவே முதல் நாள் காட்சிக்குப் போனோம். ஆனால் அமிதாப் பச்சன் வரும்போதுதான் திரையரங்கு அதிர்ந்தது. முதல் பாதி இழுவை என்று என் நண்பர்கள் பாதிப் பேர் சொல்கிறார்கள். இது போன்ற படம் இந்தியாவில் வந்ததே இல்லை என்று மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். யார் பக்கம் நியாயம்?

இரண்டு கூட்டமும் வேறு வேறு படங்களைப் பார்க்கப் போனதாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர் ரசிகர் டிக்கெட் வாங்குவது நாயகன் முகத்தைப் பார்க்க; அவர் எப்போது வருவார், எப்படி வருவார், வந்ததும் யாரை அடிப்பார் என்பதே முதல் அரை மணி நேரத்தின் கணக்கு. அழிந்த உலகத்தைக் காட்டும் படமோ அந்த உலகத்தையே முதலில் காட்டியாக வேண்டும்: மக்கள் எதைத் தின்கிறார்கள், எதைப் பணமாக வைத்திருக்கிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் நாயகன் எதற்காக ஓடுகிறான் என்பது புரியாது. பத்து லட்சம் யூனிட் (அந்த உலகத்தின் பணம்) சேர்த்துவிட்டால் வானத்தில் மிதக்கும் 'காம்ப்ளெக்ஸ்' என்ற தலைகீழ்ப் பிரமிடு நகரத்துக்குள் குடியேறிவிடலாம் என்று அலையும் கூலி வேட்டைக்காரன் பைரவனாகப் பிரபாஸ் வருகிறார். அவன் பேராசைக்காரன், சோம்பேறி, கொஞ்சம் கோமாளி. 'எங்கள் அண்ணனை இப்படியா காட்டுவது' என்ற வருத்தம் உங்கள் நண்பர்களின் குரலில் ஒலிக்கிறது என்றால், இயக்குநர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார் என்பதே என் பதில்.

ஆனாலும் முதல் பாதி இழுவை என்பதை நான் மறுக்க மாட்டேன். பிரம்மானந்தத்தோடு வரும் வீட்டு வாடகை நகைச்சுவை கதையை ஓரிடத்தில் நிறுத்திவைத்துவிடுகிறது. கௌரவத் தோற்றத்தில் தலைகாட்டும் பிரபலங்களை அடையாளம் கண்டு கூவுவதிலேயே அரங்கம் இருந்துவிட, பின்னால் ஓடும் கதையைக் கவனிக்க ஆளில்லை. இரண்டாம் நாள் மாலைக் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த நான்கு இளைஞர்கள், அசுவத்தாமனாக வரும் அமிதாப் நெற்றித் துணியை அவிழ்க்கும் இடத்தில் இருக்கை மேலேயே ஏறி நின்றார்கள். அவருக்கு அப்போது வயது 81. பைரவனும் அசுவத்தாமனும் மோதும் நெடுஞ்சண்டையில் தங்கள் நாயகன் அடிவாங்கியபோதும் அதே நால்வர் கைதட்டியதைப் பார்த்த பிறகு, ரசிகர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்துகளில் சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி (வாசகர், பள்ளத்தூர்): கமல் ரசிகன் நான். போஸ்டரில் அவர் முகம் பெரிதாக இருந்தது. படத்தில் விரல்விட்டு எண்ணும் காட்சிகளில்தான் இருக்கிறார். இது ஏமாற்று வேலை இல்லையா?

போஸ்டரில் உள்ள முகத்தின் அளவைக் கொண்டு திரையில் வரும் நேரத்தைக் கணக்கிடும் பழக்கத்தை நாம் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே கற்று வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு இந்தப் படத்தில் பொய்த்துப்போனது உண்மைதான். சுப்ரீம் யாஸ்கின் என்ற அந்தப் பாத்திரம் அடுத்த பாகத்துக்காகப் போடப்பட்ட விதை. உடல் வற்றி, தோல் சுருங்கி, குழாய்களுக்கு நடுவே தொங்கும் உருவத்துக்குள் இருப்பது யார் என்று குரலைக் கேட்ட பிறகுதான் சிலருக்குத் தெரிந்தது என்பதையும் நீங்கள் சேர்த்து எழுதியிருக்கலாம்.

செட்டிநாட்டுக்காரரான உங்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஏவி.எம். நிறுவனம் 1960-இல் எடுத்த 'களத்தூர் கண்ணம்மா'வில்தான் சிறுவன் கமல் அறிமுகமானார். அந்த நிறுவனத்தை நடத்திய மெய்யப்பச் செட்டியார், கோடம்பாக்கம் போவதற்கு முன்பு காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தவர். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே உருவானது. அந்த வழியில் கணக்குப் பார்த்தால், கமலைச் சொந்தம் கொண்டாடுவதில் பரமக்குடிக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை): அசுவத்தாமன் ஆறாயிரம் ஆண்டு அலைவதாகப் படம் சொல்கிறது. பாரதத்தில் அப்படி இல்லையே? கலியுகமும் இவ்வளவு சீக்கிரத்தில் முடியாதே? ரசிகர்கள் இதையே பாரதம் என்று நம்பிவிட மாட்டார்களா?

ஐயா, உங்கள் கணக்கு சரி. வியாச பாரதத்தின் பத்தாவது பருவமான சௌப்திக பருவத்தில் கண்ணன் இடும் சாபம் மூவாயிரம் ஆண்டுகளுக்கானது: புண்ணும் சீழுமாக, துணையின்றி, பேச ஆளின்றி மண்ணில் அலைய வேண்டும் என்பது. படம் அதை இரட்டித்திருக்கிறது. காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. கலியுகம் கி.மு. 3102-இல் பிறந்ததாக மரபு சொல்லும். அதிலிருந்து ஆறாயிரம் ஆண்டு எண்ணினால் கி.பி. 2898 வரும். புராணக் கணக்கிலோ கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள். இயக்குநர் அதில் 4,26,000 ஆண்டுகளைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கிடைக்காது.

ஆனால் பாரதத்தை ஊன்றிப் படித்த உங்களைப் போன்றவர்கள் ரசிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாரதத்தில் அசுவத்தாமன் செய்த கடைசிக் கொடுமை, உத்தரையின் வயிற்றில் இருந்த சிசுவின் மேல் அத்திரத்தை ஏவியது. பிறக்காத குழந்தையைக் கொல்லத் துணிந்தவனுக்குத்தான் இந்தப் படம் பிறக்காத இன்னொரு குழந்தையான கல்கியைக் காக்கும் வேலையைக் கொடுக்கிறது. தண்டனையும் விமோசனமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று இயக்குநர் கண்டுகொண்டது, அவர் செலவழித்த கோடிகள் அத்தனையையும்விட எனக்குப் பெரிதாகப்பட்டது. கல்கியின் பிறப்பிடம் சம்பலம் என்ற ஊர் என்று பாகவதம் சொல்கிறது. தாயின் பெயர் சுமதி என்று கல்கி புராணம் சொல்கிறது. படத்தில் கலகக்காரர்கள் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பெயர் ஷம்பாலா. சோதனைக்கூடத்தில் 'சம்-80' என்று எண்ணிட்டு வைக்கப்பட்ட கர்ப்பிணிக்கு, அந்த எண்ணிலிருந்தே சுமதி என்று பெயர் பிறக்கிறது. தீபிகா படுகோன் அந்தப் பாத்திரத்தில் அதிகம் பேசவில்லை என்று குறைப்பட்டு எழுதியவர்கள், அந்தப் பெயர் பிறக்கும் காட்சியை இன்னொரு முறை பார்க்கலாம்.

இதையே பாரதம் என்று நம்பிவிடுவார்களா என்ற கவலை எனக்கு இல்லை. படம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பையன் தன் தகப்பனாரிடம், "அப்பச்சி, அந்த மணியை யாரு பறிச்சது?" என்று அசுவத்தாமனின் நெற்றி மணியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். வில்லிபாரதத்தைத் தூசு தட்ட இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதாதா? கடைசி நிமிடங்களில் வெளிப்படும் இன்னொரு பாரதப் பெயரை, இன்னும் படம் பார்க்காதவர்களுக்காக நான் இங்கே எழுதவில்லை; தெரிந்துகொண்டே ஆறு பேர் அதைக் கடிதத்தில் உடைத்திருக்கிறீர்கள், அந்தக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (அரிசி ஆலை ஊழியர், புதுவயல்): உலகம் அழிந்தால் ஏன் எப்போதும் பாலைவனம், கந்தல் உடை, கண்ணாடி மாட்டிய முரடர்கள்? 'மேட் மேக்ஸ்' படத்தைப் பார்த்துக் காப்பியடித்தது என்கிறானே என் மகன்?

மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் 'காப்பி' என்ற சொல் கொஞ்சம் இளகும். மருத்துவராகப் பணியாற்றிச் சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களைப் பார்த்த ஆஸ்திரேலியர் ஜார்ஜ் மில்லர், 1979-இல் சொற்பச் செலவில் முதல் 'மேட் மேக்ஸ்' படத்தை எடுத்தார். 1973-இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலுக்காக மக்கள் அடித்துக்கொண்டது அந்தக் கதையின் விதைகளில் ஒன்று. 1981-இல் வந்த இரண்டாம் படத்தில்தான் பாலைவனமும் தோல் உடையும் ஒட்டுப்போட்ட வண்டிகளும் முழு உருவம் பெற்றன. அதன்பிறகு உலகில் எவர் இந்த வகைப் படம் எடுத்தாலும் அந்த நிழல் விழாமல் இருப்பதில்லை.

அந்த வரிசையில் 2015-இல் வந்த 'ஃப்யூரி ரோட்' படத்தை எப்போதும் வறண்டு கிடக்கும் ஆஸ்திரேலியப் பகுதி ஒன்றில் எடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். வாராது வந்த மழையில் செம்மண் தரை முழுதும் பூப்பூத்துவிட, படக்குழு கண்டம் தாண்டி ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போனது. உலகம் அழிந்ததாகக் காட்ட வந்தவர்களைப் பூ விரட்டிய கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அப்படம் ஆறு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. அவற்றில் ஒன்று, ஏறத்தாழ 480 மணி நேரப் பதிவை இரண்டு மணி நேரமாகக் கோத்த படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸலுக்கு. ஒவ்வொரு துண்டிலும் பார்க்கவேண்டிய பொருள் திரையின் நடுவிலேயே இருக்கும்படி எடுத்ததால், எத்தனை வேகமாக வெட்டினாலும் நம் கண் அலைய வேண்டியதில்லை. வசனம் புரியாத நம் ஊர்ச் சிறுவனும் அந்தத் துரத்தலை ஓரிடம் விடாமல் பின்தொடர்வதற்குக் காரணம் அதுதான்.

'கல்கி' தோற்பது இந்த இடத்தில். பாலைவனத்தையும் வண்டிகளையும் வாங்கிக்கொண்டவர்கள் அந்தச் சிக்கனத்தை வாங்கிக்கொள்ளவில்லை. முதல் பாதிச் சண்டைகளில் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று தேடியே என் கழுத்து வலித்தது. அசுவத்தாமன் சண்டையில் மட்டும் இந்தக் குறை இல்லை. இரண்டே பேர், ஒருவர் மற்றவரைவிட வெகு உயரம், யார் யாரென்று ஒரு நொடியும் குழம்பாது. அந்த இடத்தில் அரங்கம் ஏன் எழுந்து நின்றது என்பதற்கு நட்சத்திரப் புகழ் மட்டும் காரணமில்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி (மின்வேதியியல் மாணவி, காரைக்குடி): புஜ்ஜி என்ற அந்த வண்டி நிஜமா, கணினி வேலையா? 874 ஆண்டு கழித்து மின்கலம் வேலை செய்யுமா?

பைரவன் ஓட்டும் புஜ்ஜி நிஜ வண்டியே. மஹிந்திரா நிறுவனமும் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து கட்டியது. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று சக்கரம், சுமார் ஆறு டன் எடை, மின்மோட்டாரில் ஓடுவது. பேசும் குரல் கீர்த்தி சுரேஷுடையது. இதே இயக்குநரின் முந்தைய படத்தில் சாவித்திரியாக நடித்தவர். திரையரங்கில் இந்த வண்டிக்குக் கிடைத்த விசில் சில மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

மின்கலத்தைப் பற்றி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரிலிருந்து என்னைக் கேட்கிறீர்களே, அது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. இன்றைய லித்தியம் கலம் சும்மா வைத்திருந்தாலும் சில பத்தாண்டுகளில் திறன் இழந்துவிடும். பெட்ரோல் அதைவிட மோசம். காற்றோடு சேர்ந்து பிசின் கட்டி, ஓரிரு ஆண்டுகளில் இயந்திரத்துக்கு உதவாமல் போகும். எனவே அழிந்த உலகில் தேக்கி வைத்த எண்ணெயில் வண்டி ஓட்டும் படங்களைவிட, எங்கோ சூரிய ஒளியில் புதிதாக மின்சாரம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள இடம் தரும் இந்தப் படத்துக்கு நீங்கள் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

கேள்வி (வாசகி, ஆத்தங்குடி): பேரப்பிள்ளைகளோடு எங்கள் ஆயாவையும் அழைத்துப் போனோம். மூன்று மணி நேரமும் பேசாமல் பார்த்தவர், வெளியே வந்ததும், "ஊரு முழுக்க மணலாக் கிடக்கே, அவுகள்லாம் தண்ணிக்கு எங்கே போறாக?" என்று ஒரே கேள்வி கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வந்த கடிதங்களிலேயே படத்தைச் சரியாகப் பார்த்தவர் உங்கள் ஆயாதான். தண்ணீர், பச்சை, பழம் எல்லாவற்றையும் மேலே மிதக்கும் காம்ப்ளெக்ஸ் உறிஞ்சிக்கொள்கிறது. கீழே காசியில் இருப்பவர்களுக்கு மிச்சம்தான். 'ஃப்யூரி ரோட்' படத்திலும் இதே ஏற்பாடு உண்டு: மலையுச்சியில் இருக்கும் கொடுங்கோலன் மதகைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றுவான், கீழே கூட்டம் பாத்திரத்தோடு அடித்துக்கொள்ளும். இந்தக் காட்சியை நகரத்து ரசிகர்கள் கடந்து போய்விடுகிறார்கள், அடுத்த சண்டைக்குக் காத்திருக்கிறார்கள். நல்லதண்ணீர் ஊருணியில் படியிறங்கிக் குடத்தின் வாயில் துணி கட்டி மொண்டு வந்தவருக்கு அந்தக் காட்சியில்தான் படமே இருக்கிறது.

வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத இந்த மண்ணில் நம் முன்னோர் செய்தது படத்தின் காம்ப்ளெக்ஸ் செய்வதற்கு நேர் எதிரான வேலை. ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிய, மழை முற்றத்தில் விழும். விழும் முனையில் செம்பு அண்டாவை வைத்துப் பிடித்ததுபோக மீதி, வாய்க்கால் வழியே வெளியேறும். தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போகும். ஊருணி நிரம்பினால் கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும். குடிக்கும் ஊருணியில் செருப்போடு இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று அந்த வரத்துக்கால்களில் எத்தனை மேல் வீடு ஏறியிருக்கிறது என்பதை உங்கள் ஊரிலேயே நடந்து பார்க்கலாம். பேரப்பிள்ளைகளையும் ஆயாவோடு அனுப்புங்கள், வழிகாட்டி அவர்தான்.

கேள்வி (வாசகர், கோட்டையூர்): இந்த வகைப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

'பேரழிவுக்குப் பிந்தைய கதை' என்று எழுதுகிறார்கள், நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. யுகமுடிவுக்கு 'ஊழி' என்று நம்மிடம் இரண்டெழுத்துச் சொல் இருக்கும்போது 'ஊழிக்கதை' என்றே சொல்லிவிடலாம். கல்கி என்ற பெயரைக் கேட்டதும் 'பொன்னியின் செல்வன் எழுதியவரா?' என்று என் பெரியப்பா கேட்டதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கேள்வி (வாசகர், கானாடுகாத்தான்): இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பும்போது, எங்கள் தெருவின் பூட்டிக்கிடக்கும் வளவுகளைப் பார்த்தால் படத்தின் மிச்சம் போலவே இருந்தது. அடுத்த பாகத்தை இங்கேயே எடுக்கலாமே?

வேண்டாம் ஐயா. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கும் வீட்டில் அவர்கள் எந்திரத் துப்பாக்கியோடு நுழைந்தால், பங்காளிகள் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் 2898 வந்துவிடும்.

கேள்வி (வாசகர், குன்றக்குடி): 3டி காட்சி பார்த்தோம். பாதிப் படம் இருட்டாகவே தெரிந்தது. இரவுச் சண்டை ஒன்றும் புரியவில்லை. படத்தின் குறையா, கண்ணின் குறையா?

பெரும்பாலும் திரையரங்கின் குறை. சாதாரணக் காட்சியில் திரையின் நடுவே 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் தரம். 3டி-யில் ஒரே விளக்கின் ஒளியை இரண்டு கண்ணுக்கும் பிரித்து, வடிகட்டி வழியே அனுப்பி, அதற்கு மேல் நாம் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொள்வதால் கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செனான் விளக்கு பழசாகி, மாற்றும் செலவுக்குப் பயந்து இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று விட்டிருந்தால் அதுவும் பாதியாகிவிடும். நான் பார்த்த அரங்கிலும் இதே கதை. மேலாளரிடம் சொன்னேன், "படமே அப்படித்தான் சார் எடுத்திருக்காங்க" என்றார். மறுவாரம் வேறொரு அரங்கில் 2டி-யில் பார்த்தபோது, முதல் முறை வெறும் நிழலாகத் தெரிந்த பசுபதியின் முகம் முழுதாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு 2டி காட்சிக்குப் போங்கள். டிக்கெட்டும் விலை குறைவு.